ராலே ஹப்பும் இத்தாலிய பிரேமும்

புனேயில் பழைய சைக்கிள் கை மாறும்போது விற்பவரே வருஷத்தையும் சொல்லிவிடுவார். பாதி நேரம் அது அவருடைய தாத்தாவுக்குக் கல்யாணமான வருஷமாக இருக்கும். கார்வே நகரில் 2017-இல் திறந்த விக்ரம் பெண்ட்சே சைக்கிள் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த வருஷப் பித்து எளிதில் தொற்றிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைக்காக பி.எஸ்.ஏ. செய்த மடக்கு சைக்கிள் அங்கே நிற்கிறது. அந்த வண்டிக்கு வயது சொல்வது சுலபம். போர் நடந்த காலம்தான் அதன் காலம். நம் கையில் சிக்குபவை அவ்வளவு தயவு காட்டுவதில்லை.

சிக்குபவை பெரும்பாலும் ராட் பிரேக் வைத்த கறுப்பு இங்கிலாந்து வண்டிகள்: ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ். அபூர்வமாக ஓர் இத்தாலிய பந்தய பிரேம் வரும். மும்பை–புனே பந்தயத்தின் மலையேற்றத்தைப் பார்த்து வளர்ந்த ஊரில் அதற்கு ஏங்குகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் வயது கணிக்கும் முறை நேர் எதிரானது. ஒன்றில் தேதியைப் படிக்கிறோம், மற்றதில் கட்டுமானத்தைப் படிக்கிறோம். முதலாவதுதான் நம்பகமானது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூன்று கியர் ராலேயில் பின்சக்கர ஹப்பின் மேல் ஐம்பது வருஷ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும் ஏ.டபிள்யூ. என்ற மாடல் எழுத்தும் தெரியும். பக்கத்திலேயே பொடி எண்கள் இருக்கும். 52, அடுத்து 8 என்றிருந்தால் அந்த ஹப் 1952 ஆகஸ்டில் நாட்டிங்காமில் செய்தது. 1936-இல் வந்த மாடல் இது. போருக்குப் பிந்தைய ஹப்களில் வருஷமும் மாதமும் இப்படித் தெளிவாகவே கிடைக்கும். வண்டி அதற்குச் சில மாதம் பின்னால் கோத்ததாக இருக்கும். வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் அந்தத் தேதி ஹப்பினுடையது, வண்டியினுடையது அல்ல. வாடகை சைக்கிள் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்த ஊர்களில் சக்கரம் ஒரு வண்டியிலேயே பிறந்து அதிலேயே சாவதில்லை. ரிம் கோணினால், போக்ஸ் கம்பி அறுந்தால், வேறு வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டி அன்றைய வாடகையைத் தேற்றுவதுதான் வழக்கம். ஹப்பை ஒதுக்கிவிட்டு பிரேமைக் கேட்டாலோ அது வாய் திறக்காது. ராலேயின் பிரேம் எண்கள் வருஷ வரிசையில் ஒழுங்காக ஏறுவதில்லை. கட்டுமானமும் உதவாது. 1950-களின் ரோட்ஸ்டரையும் 1980-களின் ரோட்ஸ்டரையும் பெயின்ட் உரித்துப் பக்கத்தில் நிறுத்தினால் பழகிய மெக்கானிக்கே தடுமாறுவார். குழாய்களை இணைக்கும் அதே லக், அதே சாய்வு, அதே காட்டர் பின். பால்காரருக்கும் தபால்காரருக்கும் மாற்றம் தேவைப்படவில்லை, கம்பெனியும் மாற்றவில்லை.

மிஞ்சுவது முன்பக்கத்து பேட்ஜ். நாட்டிங்காம் என்று இல்லாமல் ஆசன்சோல் என்றிருந்தால் அது சென்–ராலே வண்டி, 1950-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஹெர்குலிஸ் பேட்ஜில் அம்பத்தூர் வாசனை அடித்தால் அது 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் பிள்ளை. இங்கிலாந்திலேயே பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவு 1957-இல் ராலே கைக்குப் போனது. இவற்றை வைத்து 'இதற்குப் பிறகு' என்று சொல்லலாம். 'இந்த வருஷம்' என்று சொல்ல முடியாது.

இத்தாலிய பிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்து பெடல் பிராக்கெட்டின் அடியில் பார்த்தால் பல சமயம் 56 என்று மட்டும் இருக்கும். புதிதாக வாங்கியவர் 1956 என்று குதிப்பார். அது சென்டிமீட்டரில் பிரேமின் அளவு. சிறு பட்டறைகள் பல தேதி போடவும் இல்லை, பேரேடு வைக்கவும் இல்லை. இருந்தும் மூன்று நான்கு வருஷ இடைவெளிக்குள் அதன் வயதை நெருங்கிவிடலாம். காரணம், பந்தய பிரேம் கியரின் பின்னாலேயே ஓடியது. 1933-இல் விசென்சாவில் தொழில் தொடங்கிய டுல்லியோ கம்பன்யோலோ ஒவ்வொரு முறை கியரை மாற்றியபோதும் பிரேம் கட்டுகிறவர்களும் கையை மாற்ற வேண்டியிருந்தது.

பின்சக்கர ஆக்ஸில் உட்காரும் தகட்டில் தொடங்குவேன். அதன் பிளவில் ரம்பம்போல் சிறு பற்கள் இருந்தால் அது கம்பன்யோலோவின் காம்பியோ கோர்சா கியரின் காலம்: 1940-களும் 1950-களின் தொடக்கமும். அந்தக் கியரை மாற்ற, ஓட்டும்போதே கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரு லிவரால் ஆக்ஸிலைத் தளர்த்தி, இன்னொரு லிவரால் செயினைத் தள்ளி, பெடலைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். ஆக்ஸில் அந்தப் பற்களின் மேல் முன்னும் பின்னும் உருண்டு செயினின் தொய்வைச் சரிசெய்யும். ஜீனோ பார்த்தாலி 1948-இல் டூர் டி பிரான்ஸை வென்றது இந்தக் கியரோடுதான். செயினை நகர்த்தித் தொய்வையும் தானே இழுத்துக்கொள்ளும் கிரான் ஸ்போர்ட் டிரெயிலர் வந்ததும் பற்களுக்கு வேலை இல்லாமல் போனது. அதே தகட்டில் டிரெயிலரைத் தொங்கவிடத் திருகு வெட்டிய காது முளைத்தது.

அடுத்து ஸ்கேலை எடுத்து இரண்டு தகடுகளுக்கும் நடுவே அளக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பல்சக்கரக் காலம். 126 என்றால் ஆறு அல்லது ஏழு, அதாவது 1970-களின் கடைசியும் 80-களும். 130 என்றால் எட்டு பல்சக்கரம் வந்த 1980-களின் இறுதிக்குப் பிறகு.

பிறகு குழாய்களின் மேல் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். கொலம்பஸ் எஸ்.எல். குழாயின் முனைகளில் சுவர் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மட்டுமே. அவ்வளவு மெல்லிய இடத்தில் பித்தளைச் சூடு காட்டினால் குழாய் பலம் இழக்கும் என்று பழைய கைகள் அஞ்சின. அதனால் பிரேக் கேபிள், கியர் லிவர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கிளாம்ப் போட்டுத்தான் பிடித்தார்கள். மேல்குழாய் வழவழவென்று இருந்தால் 1970-களின் நடுப்பகுதிக்கு முந்தியது என்று நினைக்கலாம். பத்தாண்டின் இறுதிக்குள் அந்த அச்சம் கரைந்தது. கேபிள் காதுகள், லிவர் குமிழ்கள், பாட்டிலுக்கு ஒரு ஜோடித் துளை என ஒவ்வொன்றாகக் குழாயிலேயே பற்றவைத்தார்கள். 80-களில் இரண்டாவது பாட்டிலுக்கும் துளை வந்தது, கியர் கேபிள் பிராக்கெட்டின் மேலிருந்து அடிக்கு இறங்கியது, சில பிரேம்களில் பிரேக் கேபிள் குழாய்க்குள்ளேயே புகுந்துகொண்டது.

அலங்காரமும் சாட்சி சொல்லும். இத்தாலிய பிரேம் கம்பெனியான கொல்நாகோவின் கிளாவர் சின்னம் 1970-இல் மிக்கேலே டான்செல்லி மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்ற பிறகு வந்தது. லக்கில் கிளாவர் வெட்டியிருக்கும் பிரேமை '1965 மாடல்' என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகரலாம்.

இத்தாலிய வண்டியிலும் தேதி போட்ட பாகங்கள் உண்டு. கம்பன்யோலோ ஹப்பின் லாக்நட்டில் இரண்டு இலக்க வருஷம் இருக்கும். 1973 முதல் கிராங்கின் பின்புறம் சிறு வைரக் கட்டத்துக்குள் ஓர் எண் வரும். நூவோ ரெக்கார்ட் டிரெயிலரின் நெற்றியில் பேட்டன்ட் என்ற சொல்லோடு வருஷம் இருக்கும். ராலே ஹப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் இவற்றுக்கும் பொருந்தும்; கழற்றி மாட்டக்கூடியது எதுவும் பிரேமுக்காகச் சாட்சி சொல்ல முடியாது. மூன்று பாகங்களும் ஒரே வருஷத்தைக் காட்டி பிரேமின் அமைப்பும் அதற்கு ஒத்துப்போனால் மட்டுமே நான் நம்புவேன்.

பிரேமும் பொய் சொல்லும். பழைய பிரேமை மறுபெயின்ட் அடிக்கும்போது காதுகளைப் பற்றவைத்துக் கொடுக்கும் பட்டறைகள் எங்கும் உண்டு. 120-ஐ நெம்பி 126 ஆக்குவதும் சாதாரணம். பல்லுள்ள தகட்டோடு இரண்டு பாட்டில் துளைகள் சேர்ந்திருந்தால் துளைகள்தான் புதியவை. நெம்பிய பின்பக்கத்தில் தகடுகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காமல் முனையில் விரிந்திருக்கும்.

இத்தாலிய பிரேம்தானா என்ற சந்தேகம் வந்தால் பெடல் பிராக்கெட்டைப் பிரிக்க வேண்டும். இத்தாலிய மரை 36 மில்லிமீட்டர் குறுக்களவு, இரு பக்கமும் வலப்புரி. இங்கிலாந்து மரை அதைவிடச் சிறியது, செயின் பக்கம் இடப்புரி. தேய்ந்துபோன இங்கிலாந்து மரையைப் பெரிதாக்கி இத்தாலிய மரை வெட்டலாம். இத்தாலிய மரையைச் சுருக்கி இங்கிலாந்து மரையாக்க முடியாது. ஆகவே இத்தாலிய மரை இருப்பதால் மட்டும் பிரேம் இத்தாலியது ஆகிவிடாது. கூடவே பிராக்கெட்டின் அகலத்தையும் அளக்க வேண்டும்: இத்தாலியது 70 மில்லிமீட்டர், வழக்கமான இங்கிலாந்து அளவு 68. மரை 36, அகலம் 68 என்று வந்தால் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எதைச் சொன்னாலும் இத்தாலிய விலை கொடுக்க வேண்டாம்.