ஆர்.ஐ.எம்.பி. - நாலெழுத்தின் கதை

புதூரில் எங்கள் சின்னத் தாத்தா வீட்டுத் திண்ணையில் ஒரு தகரப் பலகை தொங்கும். நீலத்தில் வெள்ளை எழுத்து. அவர் பெயருக்குப் பின்னால் 'ஆர்.ஐ.எம்.பி.' என்றிருக்கும். சின்ன வயதில் அதை ஏதோ சீமைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை, அவங்க அப்பாவிடம் கற்றுக்கொண்டவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் மகன், எனக்குச் சித்தப்பா. அதே திண்ணையில், அதே கல்வத்தில் அரைத்துப் பழகியவர். ஆனால் வைத்தியம் பார்ப்பதில்லை, நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "பலகை இருக்கு தம்பி, அதுல இருக்கது அப்பா பேருல்லா" என்றார். அப்பனுக்குக் கிடைத்த நாலெழுத்து மகனுக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் தெரிந்ததுதான் இந்தக் கட்டுரை.

பதிவேடு வந்த கதை

ஆர்.ஐ.எம்.பி. என்பது பட்டமே இல்லை. 'பதிவு பெற்ற இந்திய மருத்துவர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிவுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் 1914-ல் வந்தது. மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்களுக்கு ஒரு பதிவேடு, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கவுன்சில். நாட்டு வைத்தியர் தொழில் செய்யக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி செல்லும் மருத்துவச் சான்றிதழ் எழுதும் உரிமை பதிவேட்டில் இருப்பவருக்கு மட்டும்தான். வைத்தியர் காய்ச்சலைக் குணப்படுத்தலாம், ஆனால் காய்ச்சல் இருந்தது என்று எழுதிக் கொடுத்தால் செல்லாது.

இதற்கு எதிர்ப்பு கிளம்பியது. அரசாங்கம் நாட்டு மருந்துகளை ஆராயச் சொல்லி 1918-ல் டாக்டர் கோமன் என்பவரை நியமித்தது. அவர் அறிக்கை வைத்தியர்களுக்குச் சாதகமாக இல்லை. கோபம் கூடியது. பிறகு நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்து, பனகல் அரசர் காலத்தில், 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் செயலர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, மேல்நாட்டு மருத்துவம் படித்து ராணுவத்தில் பணியாற்றியவர்.

1923-ல் வந்த உஸ்மான் குழு அறிக்கை இன்றும் வாசிக்கத் தகுந்தது. குழு கேள்வித்தாள் அனுப்பியது. வைத்தியர்கள் தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம், உருது என்று அவரவர் மொழியில் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களை அந்தந்த மொழியிலேயே இரண்டாம் பாகமாக அச்சிட்டார்கள். உங்கள் மருத்துவத்துக்கு அடிப்படை என்ன, அதை எப்படிக் கற்பிப்பது, யாருக்குப் பதிவு கொடுப்பது என்று நாட்டு வைத்தியர்களிடமே ஓர் அரசாங்கம் உட்கார்ந்து கேட்டது பெரிய விஷயம்.

அதன் பலனாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது, சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வர். 1930களில் இந்திய மருத்துவத்துக்கென வாரியம் வந்து, பதிவும் வந்தது. பள்ளியில் படித்தவர்கள் மட்டுமல்ல, பரம்பரை வைத்தியர்களும் அனுபவத்தின் பேரில் அதில் ஏறினார்கள். எங்கள் சின்னத் தாத்தாவின் நாலெழுத்து இந்த வழியில் வந்ததுதான்.

அந்தப் பள்ளி கல்லூரியாகி, மேல்நாட்டு மருத்துவத்தையும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கி, கடைசியில் 1960-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. இன்றைக்கு அங்கே எம்.பி.பி.எஸ். படிப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! சித்த மருத்துவத்துக்கு 1964-ல் பாளையங்கோட்டையில் தனியாக அரசுக் கல்லூரி வந்தது.

சட்டத்தில் ஒரு தேதி

1970-ல் மத்திய அரசு இந்திய மருத்துவத்துக்கான மத்திய கவுன்சில் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 17-ம் பிரிவு முக்கியமானது. இனி அங்கீகரிக்கப்பட்ட படிப்பு இருந்தால்தான் தொழில். ஆனால் ஏற்கெனவே மாநிலப் பதிவேட்டில் இருப்பவர்களின் உரிமை போகாது. பதிவேடே இல்லாத மாநிலம் என்றால், சட்டம் அமலுக்கு வந்த நாளில் குறைந்தது ஐந்து வருஷம் தொழில் செய்திருந்தால் போதும்.

எல்லாப் பதிவேடும் இப்படித்தான் பிறக்கிறது. ஒரு தேதி குறிப்பார்கள். அதற்கு முன்னால் இருப்பவர் அனுபவத்தால் உள்ளே வருவார், பின்னால் வருபவர் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேதியில் சித்தப்பா பள்ளிக்கூடப் பையன். கேரளத்தின் பாரம்பரிய வைத்தியர்கள் இதே கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். தகுதியும் பதிவும் இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்துவிட்டது.

இது வரைக்கும் படித்தபோது என் மனசு முழுக்கச் சித்தப்பா பக்கம்தான் இருந்தது. ஊரே சாட்சி சொல்லுமே, எதற்குக் காகிதம்?

உள்ளே வந்த பிறகு?

ஆனால் 1914-ம் சரி, 1970-ம் சரி, உள்ளே நுழைவதைப் பற்றித்தான் பேசின. நுழைந்தவர் முப்பது வருஷம் கழித்து என்ன தெரிந்து வைத்திருக்கிறார் என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய குடும்ப மருத்துவ வாரியம்தான் அங்கே முதலில் இதைக் கேட்டது: சான்றிதழுக்கு ஏழு வருஷம்தான் ஆயுள், மறுபடி தேர்வு எழுது. பொதுமருத்துவ வாரியம் 1990-லிருந்து பத்து வருஷக் கெடு வைத்தது. அதற்கு முன்னால் வாங்கியவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செல்லும். அங்கேயும் ஒரு தேதி!

நம் நாட்டில் 2002-ல் வந்த மருத்துவ நெறி விதிகள், ஐந்து வருஷத்தில் 30 மணி நேரமாவது தொடர்கல்வி வேண்டும் என்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி விதி போட்டது. அதே மாதம் அந்த விதிகளை நிறுத்தி வைத்தது.

ஊர் சாட்சி போதும் என்ற என் நம்பிக்கையை ஆட்டியது இங்கிலாந்துக் கதை. ஹரால்டு ஷிப்மன் என்ற குடும்ப டாக்டர். நோயாளிகள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். 15 பேரைக் கொன்றதற்காக 2000-ல் தண்டனை பெற்றார். அவர் கொன்றது 215 பேர் என்று விசாரணை ஆணையம் 2002-ல் சொன்னது. ஊர் நம்பிக்கை அவரைக் கண்டுபிடிக்கவில்லை. நெடிய விவாதத்துக்குப் பிறகு, 2012 டிசம்பரில் அங்கே எல்லா டாக்டர்களுக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுசரிபார்ப்பு வந்தது. அதில் நோயாளிகளின் கருத்தும் ஒரு பகுதி.

சர்க்கரையும் பத்தியமும்

இப்போது 'வாழ்க்கைமுறை மருத்துவம்' என்று ஒரு துறை வந்திருக்கிறது. உணவு, உடலுழைப்பு, தூக்கம், மன அழுத்தம், போதைப் பழக்கம், மனித உறவுகள் ஆகிய ஆறையும் சீர்செய்து நோயை நிறுத்துவது. இதற்கான அமெரிக்க வாரியம் 2017-ல் முதல் தேர்வு நடத்தியது. சான்றிதழுக்குப் பத்து வருஷம் ஆயுள். அந்த நாட்டுச் சிறப்புத்துறை வாரியங்களின் பழைய கூட்டமைப்பில் இதற்கு இடமில்லை. உஸ்மான் குழு காலத்து வைத்தியர்கள் நின்ற அதே வாசலில் இவர்கள் நிற்கிறார்கள்.

"நம்ம பத்தியம்தானே இது?" என்று சித்தப்பா சிரித்தார். பாதி உண்மை. சின்னத் தாத்தாவின் பத்தியம் மருந்து சாப்பிடும் நாட்களுக்கு. புளி தள்ளு, கருவாடு தள்ளு என்பார். கம்பும் சோளமும் தின்று கரிசலில் நாளெல்லாம் உழைத்த ஆட்களுக்கு அவர் வேறு என்ன சொல்லியிருக்கப் போகிறார்?

எலும்பு முறிவைச் சரியாகக் கட்டினாரா என்பது இரண்டு மாதத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். தப்பாகக் கட்டினால் கோணிப்போன கையே சாட்சி. ஆனால் சர்க்கரை நோய் கண்ணிலும் சிறுநீரகத்திலும் வேலை காட்ட வருஷக்கணக்கு ஆகும். எங்க அப்பா யாரோ சொன்னார் என்று ஒரு பொடியை நம்பி மூன்று வருஷம் மாத்திரையை நிறுத்தினார். உடம்பு நல்லா இருக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பொடி கொடுத்தவருக்கும் ஊரில் நல்ல பெயர். பார்வை மங்கிய பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். இத்தனை மெதுவான நோய்க்கு ஊர் சாட்சி போதாது. காகிதம் வேண்டும், அந்தக் காகிதம் அவ்வப்போது புதுப்பிக்கப்படவும் வேண்டும்.

நான் மென்பொருள்காரன். அமேசானின் கிளவுட் சான்றிதழ் மூன்று வருஷத்தில் காலாவதியாகிறது. சர்வரைத் தொடுகிறவனுக்கே இந்தக் கெடு. உடம்பைத் தொடுகிறவரிடம் கேட்பது அவமரியாதை இல்லை.

இதை அப்படியே சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேக்கட்டும் தம்பி, பரிச்சை வைக்கட்டும். எனக்கும் ஒருவாட்டி வச்சிருக்கலாம்லா" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.