பட்டாளம் ரெண்டு

குடியரசு தின அணிவகுப்புக்கும் ஒரு ராக் ஆல்பத்துக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறான் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள், முடிச்சு விழுகிறதா பார்ப்போம் :-)

எங்கள் வீட்டில் ஜனவரி 26 என்றால் டிவியில் டெல்லி அணிவகுப்பு, முடிந்ததும் ரவா கேசரி. அவ்வளவுதான். 2024ல்தான் அப்பா, "டிவியிலயே எத்தனை வருஷம்டா பாக்கறது, வா, நேர்லயே போயிட்டு வரலாம்" என்று கிளப்பினார். ஆழ்வார்பேட்டையிலிருந்து ஐஸ் ஹவுஸ் வரை ஆட்டோ. அதற்கு மேல் போலீஸ் தடுப்பு, நடராஜா சர்வீஸ். வழக்கமாக காந்தி சிலை அருகே நடக்கும் விழாவை மெட்ரோ ரயில் வேலை காரணமாக 2023ல் உழைப்பாளர் சிலைப் பக்கம் மாற்றியிருந்தார்கள். 2024லும் அங்கேதான்.

நாலு பேர் பாறாங்கல்லை நெம்பிக்கொண்டு நிற்பார்களே, அந்தச் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். சிலை திறக்கப்பட்ட நாள் 1959 ஜனவரி 25, அதாவது குடியரசு தினத்துக்கு முதல் நாள். அதற்கும் முன்பே, 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்த ஊரில் இரண்டு இடங்களில் மே தினம் கொண்டாடினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரை, இன்னொன்று திருவல்லிக்கேணி கடற்கரை. நாங்கள் நின்றிருந்த இடமே ஒரு பழைய ஊர்வலத் திடல்தான்.

அணிவகுப்பு பிரமாதம். ராணுவம், போலீஸ், குதிரை, பேண்டு வாத்தியம், பிறகு அலங்கார ஊர்திகள். பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனிடம், "பட்டாளம் வருது பார்" என்றார். இந்த 'பட்டாளம்' நம்ம வார்த்தை இல்லை, 'பட்டாலியன்' என்பதன் வழியில் வந்தது. 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிடப் போகிற நேரத்தில், ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இங்கிருந்த சிப்பாய்களை ஒழுங்கான படைப்பிரிவுகளாக அமைத்தார். இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் வயதை அந்த வருஷத்திலிருந்துதான் எண்ணுகிறது.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். பெயர் 'கந்தீசா', வெளிவந்தது 2000ல், 'இந்தியன் ஓஷன்' என்ற டெல்லிக் குழு. சுஸ்மித் சென், அஷீம் சக்ரவர்த்தி, ராகுல் ராம், அமித் கிலாம் என்று நாலு பேர். சினிமா கிடையாது, ஹீரோ கிடையாது. அப்பா அதைக் கேசட்டாக வாங்கியிருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் எனக்கு அண்ணன் மாதிரி. வணிகவியல் மாணவன் என்பதால் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: இதே குழு 2010ல் '16/330 கஜூர் ரோடு' ஆல்பத்தின் பாட்டுகளை இணையத்தில் இலவசமாகவே கொடுத்துவிட்டது. லாப நஷ்டக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

கந்தீசாவில் 'ஹில்லே லே' என்று ஒரு பாட்டு. மூலம் கோரக் பாண்டே என்ற கவிஞர் எழுதியது. டெல்லி ஜே.என்.யூ.வில் இருந்தவர், 1989ல் இறந்துபோனார். மக்களுடைய பட்டாளம் நடந்தால் உலகமே குலுங்கும் என்பது பாட்டின் சாரம். அதில் வரும் 'பல்டனியா'வும் பட்டாளம்தான்! ஆக ஒரு பட்டாளம் அழைப்பிதழோடு சாலையில் வருகிறது, இன்னொன்று பாட்டில் வருகிறது. முடிச்சு விழுந்ததா?

அழைப்பிதழ் என்று சும்மா சொல்லவில்லை. 2022ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வேலு நாச்சியார், மருது சகோதரர்கள், வ.உ.சி., பாரதி என்று தமிழ்நாடு தயாரித்த ஊர்திக்கு டெல்லி அணிவகுப்பில் இடம் கிடைக்கவில்லை. நிபுணர் குழுவின் மூன்று சுற்றுகள் வரை போயும், இறுதியான 12 ஊர்திகளில் வரவில்லை என்று பதில் வந்தது. கப்பல் கம்பெனிக்காக ரூ.25 வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்ச ரூபாய் மூலதனம் என்று திட்டம் போட்டவர் வ.உ.சி. எங்கள் பாடத்தில் கூட்டுப் பங்கு நிறுவனம் என்று வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். அவரே தேர்வில் பாஸ் ஆகவில்லை! பிறகு மாநில அரசு அந்த ஊர்திகளை மெரினா அணிவகுப்பில் ஓட விட்டு, மாவட்டங்களுக்கும் அனுப்பியது. 2023ல் வேலு நாச்சியார் டெல்லிக்கே போனார், ஒளவையார், எம்.எஸ். சுப்புலட்சுமி, பாலசரஸ்வதியோடு.

யார் ஊர்தி, யார் கையில் கொடி என்பதெல்லாம் இங்கே சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. சுதந்திர தினத்தில் முதல்வர்கள் கொடியேற்றுவதே 1974ல்தான் தொடங்கியது, கருணாநிதி கேட்டுப் பெற்ற பிறகு.

ஆனால் மாநிலம் பட்டியல் போட்டாலும் அதுவும் பட்டியல்தானே? மெரினாவில் நான் பார்த்த ஊர்திகள் அநேகமாக ஒவ்வொரு துறையும் தன் சாதனையைச் சொல்லிக்கொண்டவை. அணை கட்டியவர்கள் ஊர்தியில் வரலாம். அணையில் ஊர் மூழ்கியவர்கள் எந்த ஊர்தியில் வருவார்கள்? அவர்கள் கந்தீசாவில் இருக்கிறார்கள். 'மா ரேவா' நர்மதை நதியைப் பாடும் நாட்டுப்பாடல். ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். பேஸ் கிதார் வாசிக்கும் ராகுல் ராம் நர்மதை இயக்கத்தில் வேலை செய்தவர். ஆல்பம் வந்த அதே 2000ம் வருஷம் அக்டோபரில்தான் சர்தார் சரோவர் அணையைத் தொடர்ந்து கட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணை 2017ல் திறக்கப்பட்டது. பாட்டு அணையை நிறுத்தவில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஆறு எப்படிப் பாடப்பட்டது என்பதை ஆழ்வார்பேட்டையில் ஒரு பையனுக்குச் சொல்லியிருக்கிறது.

2017 என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வேறு. அந்த ஜனவரி 17 தொடங்கி ஒரு வாரம் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டம். நான் அப்போது ஏழாம் வகுப்பு, அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு ஐஸ் ஹவுஸ் எதிரே நின்றேன். 23ம் தேதி போலீஸ் கலைத்தது. மூன்றே நாளில் அதே கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு. அந்தக் கோரிக்கை சரியா தப்பா என்று வாதாடலாம். ஆனால் எனக்கு 'மக்களின் பட்டாளம்' என்றால் கண்ணில் வருவது அந்த செல்போன் வெளிச்சம்தான்.

இதை 2024ல் திரும்பி வரும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அணிவகுப்பும் வேணும்டா. கோட்டை அமீர் பேர்ல மத நல்லிணக்கப் பதக்கம் கொடுத்தாங்களே, அதை வேற எங்க அத்தனை பேர் முன்னாடி கொடுப்பாங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதும் சரிதான்.

கூட்டம் வடிவதற்காகக் கடற்கரை ஓரமாகவே சாந்தோம் வரை நடந்தோம். தேவாலயக் கோபுரத்தைப் பார்த்ததும் நான் ஹெட்போனில் ஒரு காதை அப்பாவுக்குக் கொடுத்தேன். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு. 'கந்தீசா' என்றால் பரிசுத்தமானது என்று பொருள். கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டிலிருந்து எடுத்தது. மொழி சிரியாக், இயேசு பேசிய அரமேயத்தின் கிளை. அவர்கள் தங்கள் மரபின் தொடக்கம் என்று சொல்லும் தோமா, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம்பிக்கை. அந்த இடத்தின் மேல்தான் இந்த தேவாலயம். பரங்கிமலையில் இருக்கும் பழைய சிலுவையிலும் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. எந்த ஊர்தியிலும் ஏறாத ஒரு மொழி, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்!

"இருபது வருஷமா இதை மலையாளம்னு நினைச்சுட்டு இருந்தேன்டா" என்றார் அப்பா.

அடுத்த வருஷமும் நாங்கள் அணிவகுப்புக்குப் போனோம். இப்போதெல்லாம் வந்தவர்களை ரசித்துவிட்டு, வராதவர்கள் யார் என்று வீட்டுக்கு வந்து பட்டியல் போடுவோம், கேசரி சாப்பிட்டுக்கொண்டே. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பி.கு.: கேசட்டின் நாடா எப்போதோ சிக்கிப் போய்விட்டது. தூக்கிப் போட மட்டும் அப்பா விடமாட்டேன் என்கிறார்.