ஹிக்ஸனின் 24 விநாடிகள்

எச்சரிக்கைக் கருவி பழுதாகாமலேயே விபத்து நேரக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹிக்ஸன் சான்று. ஸ்டாஃபோர்டுஷயரிலுள்ள அச்சிற்றூரின் லெவல் கிராசிங்கில் 1967இல் காவலாளிக்கு மாற்றாகத் தானியங்கி அரைத்தடுப்பு அமைந்தது. ரயில் வர 24 விநாடிகள் இருக்கையில் விளக்கு மின்னும், மணி ஒலிக்கும், தடுப்பு இறங்கும். சாதாரண வண்டிக்கு அது போதும்.

1968 ஜனவரி 6 அன்று, 120 டன் மின்மாற்றியைச் சுமந்த நெடிய வாகனம் நடைவேகத்தினும் மெதுவாகத் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது. அதற்குச் சுமார் ஒரு நிமிடம் தேவை. லண்டன் நோக்கி வந்த விரைவுவண்டி மோதியதில் 11 பேர் மாண்டனர்.

கனரக வாகனங்கள் கடக்குமுன் சமிக்ஞையாளரை அழைக்கச் சொல்லும் பலகை அங்கிருந்தது, தொலைபேசியும் இருந்தது. ஓட்டுநரோ துணைவந்த காவலரோ அழைக்கவில்லை. காவலாளி கண்ணால் அளந்திருக்கக்கூடிய நீளத்தை, ஒரு பலகையின் வாசகத்திடம் ஒப்படைத்திருந்தனர். படிக்கப்படாத வாசகம் எவரையும் காப்பதில்லை.