இரவல் குரலும் அடுத்த வீட்டுப் பெண்ணும்

பாட வராது, ஆனாலும் பாடியே தீருவேன் என்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் ஃப்ளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் என்ற பணக்காரப் பெண்மணி 1944 அக்டோபரில் கார்னகி ஹாலிலேயே ஏறிப் பாடிவிட்டார் (மெரில் ஸ்ட்ரீப் நடித்து 2016-ல் படமாகவும் வந்தது). அதே மாதம் நம்மூரில் வெளியானது 'ஹரிதாஸ்'. பாகவதரின் சாரீரத்துக்காகவே மூன்று தீபாவளி கண்ட படம். அந்தக் காலத்தில் சாரீரம் இல்லாதவருக்குக் கதாநாயகன் வேஷம் கிடைப்பதே பெரிய விஷயம்.

இதை மாற்றியது இரவல் குரல். 1938-ல் 'நந்தகுமார்' படத்திலேயே ஏவி.மெய்யப்பன் அதைச் சோதித்துப் பார்த்தார். அப்புறம் 'ஸ்ரீவள்ளி' (1945). டி.ஆர்.மகாலிங்கத்தின் பாட்டுக்கு முன்னால் குமாரி ருக்மிணியின் பாட்டு எடுபடவில்லை என்று பி.ஏ.பெரியநாயகியின் குரலை ஏற்றினார்கள்.

பதினைந்து வருஷம் கழித்து இந்த இரவல் குரலையே கிண்டல் செய்து ஒரு படம் வந்தது, 'அடுத்த வீட்டுப் பெண்' (1960). அஞ்சலிதேவியின் சொந்தப் படம், இசை அவர் கணவர் ஆதிநாராயண ராவ். நாயகிக்குச் சங்கீதம் என்றால் உயிர். டி.ஆர்.ராமச்சந்திரனுக்கோ அவள் என்றால் உயிர், பாட்டு மட்டும் சுத்தமாக வராது! நண்பன் தங்கவேலு மறைந்து நின்று பாட, இவர் அந்த முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டு வாயசைப்பார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். தங்கவேலுவும் பாடவில்லையே! பாடியவர் பி.பி.ஸ்ரீநிவாஸ். இரவலுக்குள் இரவல்.

இதே கதை 1953-ல் தெலுங்கில் 'பக்கிண்டி அம்மாயி'யாக வந்தபோது (அதிலும் அஞ்சலிதேவிதான்) பாடும் நண்பனாக நடித்தவர் பாடகர் ஏ.எம்.ராஜாவே. இந்தி 'படோசன்' (1968) படத்தில் கிஷோர் குமார். அங்கெல்லாம் ஒளிந்து பாடுகிறவன் நிஜமாகவே பாடுகிறான், ஜனங்கள் அவன் முகத்தையும் பார்த்தார்கள். தமிழில் மட்டும் ஸ்ரீநிவாஸ் ரெக்கார்டிங் அறையோடு நின்றுவிட்டார். பி.காம். கணக்கில் சொன்னால், முதல் போட்டவர் பெயரே பேரேட்டில் இல்லை :-)

குட்டு உடைந்ததும் படத்தில் நாயகிக்குக் கோபம் வருகிறது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏன் வரவில்லை? ஏனென்றால் அவர்கள் பல வருஷமாக இப்படித்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரிந்தே ஏமாறுவதற்கு டிக்கெட் வாங்கிப் பழகிவிட்டார்கள். 'ஹரிதாஸ்' பார்த்த அதே ஜனங்கள்தானே இவர்களும்? இந்த மாற்றம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எங்கள் அம்பத்தூர், ஆவடி பக்கம் ஆடி மாச அம்மன் கோவில் லைட் மியூசிக்கில் அந்தக் காலப் பாட்டுகளை இன்னும் பாடுகிறார்கள். அறிவிப்பாளர் மைக்கில் சொல்வது பி.பி.எஸ். பெயரைத்தான். வாயசைத்தவர் யார் என்று கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.