பவுசர் என்பது யாருடைய பெயர்? ஒரு பழைய பெற்றோல் பம்பின் கதை

ஊரில் குழாய்த் தண்ணீர் நின்றால் "பவுசர் வந்துட்டா?" என்று கேட்கிறோம். 2022இல் பெற்றோல் செட் வாசல்களில் நாட்கணக்கில் கியூவில் நின்றபோதும் நம் எல்லோர் வாயிலும் இருந்த சொல் அதுதான். கொலன்னாவையிலிருந்து பவுசர் வெளிக்கிட்டதா, இன்று இரவு வருமா, நாளைக்கா? ஆனால் பவுசர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சில்வானஸ் பவுசர், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் போர்ட் வேன் நகரைச் சேர்ந்தவர். 1885 செப்டெம்பரில், தான் செய்த பம்ப் ஒன்றை அதே நகரில் கடை வைத்திருந்த ஜேக் கம்பர் என்பவருக்கு விற்றார். அது பெற்றோலுக்கானது அல்ல, மண்ணெண்ணெய்க்கானது. மோட்டார் கார் அப்போது விற்பனைக்கே வந்திருக்கவில்லை. ஒரு பீப்பாய், மரத்தால் செய்த உந்து தண்டு, வால்வுகளாகக் கோலிக்குண்டுகள். பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரே அளவு எண்ணெய் வரும். அவ்வளவுதான் பொறிமுறை.

கார்கள் பெருகியபோது 1905இல் அவருடைய நிறுவனம் பெற்றோலுக்கென்றே ஒரு பம்பைக் கொண்டுவந்தது. மரப்பெட்டிக்குள் 50 கேலன் தாங்கி, கைப்பம்ப், கார் தாங்கிக்குள் விடுவதற்கு ஒரு ஹோஸ். அதற்கு முன் கார்க்காரர்கள் பெற்றோலைத் தகர டின்களில் வாங்கி, புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பவுசரின் பெயர் ஆங்கிலம் புழங்கிய நாடுகளில் பொதுச்சொல்லாகவே மாறியது. அவுஸ்திரேலியாவில் பெற்றோல் பம்புக்கு அந்தப் பெயர். நம் நாட்டில் அது தாங்கி லொறியின் மேல் ஏறிக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, பெற்றோல் பம்பின் வரலாறு உண்மையில் அளவையின் வரலாறு என்பதுதான்.

ஆரம்பகாலப் பம்புகளில் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. ஐந்து கேலன் என்று கடைக்காரர் சொன்னால் ஐந்து கேலன்தான். அளவையில் குறைப்பவர்களைக் கண்டிக்கவென்றே ஒரு சூரா இறங்கியிருக்கும்போது, இது எவ்வளவு பழைய வியாதி என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் கண்ணாடிப் பம்ப். உயரமான இரும்புத் தூண், உச்சியில் பெரிய கண்ணாடி உருளை, அதற்குள் கேலன் குறிகள். கடைக்காரர் நெம்புகோலை ஆட்டி ஆட்டி உருளைக்குள் பெற்றோலை ஏற்றுவார். வாங்குபவர் நிமிர்ந்து பார்த்து, "சரி" என்ற பிறகே அது தன் பாரத்தால் ஹோஸ் வழியாகக் காருக்குள் இறங்கும். கண்ணால் கண்டதற்குத்தான் காசு.

பின்னர் மின்சாரப் பம்பும் மீற்றரும் வந்தன. கடிகாரம்போல முள் சுற்றும் முகப்புகள் வந்தன. 1930களின் தொடக்கத்தில், அளவோடு விலையையும் தானே கணக்கிட்டுக் காட்டும் பம்பை வேன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவும் போர்ட் வேன் நகரத்து நிறுவனம்தான். கண்ணாடி உருளை மறைந்தது. ஆனாலும் பெற்றோல் ஓடுவதைக் காட்ட, உள்ளே சிறு சக்கரம் சுழலும் ஒரு குட்டிக் கண்ணாடி நெடுங்காலம் இருந்தது. இயந்திரத்தை நம்பச் சொல்லிவிட்டு, மனிதனின் கண்ணுக்கும் கொஞ்சம் மரியாதை வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எமக்குப் பழக்கமான ஒரு சகோதரர். பழைய பொருட்கள் சேகரிக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரும்புக்கடையில் உடைக்க வைத்திருந்த பம்ப் ஒன்றை நிறைக்கு விலை பேசி வாங்கிவிட்டார். "இது என்ன பம்ப், எந்தக் காலத்தது, எப்படித் திருத்துவது?" என்று கேட்டார். நாம் ஆசிரியர்கள் மூன்று பேர் சேர்ந்து பார்த்தோம். அதிலிருந்து, புதிதாகச் சேகரிக்க விரும்புபவர்களுக்குச் சில விடயங்கள்.

1. முதலில் தகட்டைத் தேடுங்கள். செய்த நிறுவனம், மாதிரி இலக்கம், தொடர் இலக்கம் பொறித்த சிறு உலோகத் தகடு பெரும்பாலும் கதவிலோ உட்சட்டத்திலோ இருக்கும். அழுக்கை மெல்லிய துணியால் துடையுங்கள், சுரண்டாதீர்கள். அமெரிக்காவின் வேன், டொக்ஹைம், கில்பார்கோ, பிரித்தானியாவின் அவெரி ஹார்டோல் போன்ற பெயர்கள் இருக்கலாம்.

2. தகடு இல்லையா? உடலைப் படியுங்கள். வார்ப்பு இரும்புப் பாகங்களின் உட்புறத்தில் இலக்கங்கள் இருக்கும். உயரம், கதவின் வளைவு, முகப்பின் சட்டம் ஆகியவற்றை அளந்து, பழைய விளம்பரப் படங்களோடு ஒப்பிடலாம்.

3. முகப்பில் எழுதியிருப்பதை வாசியுங்கள். லீற்றரா, கேலனா? கேலன் என்றால் நாடு 1970களில் மெற்றிக் முறைக்கு மாறுவதற்கு முந்திய முகப்பு. ரூபாயும் சதமும் இருந்தால் நம் நாட்டுக்கென்று பொருத்தப்பட்ட கணிப்பான் என்று ஊகிக்கலாம், ஏனெனில் அக்காலத்து பிரித்தானியா ஷில்லிங்கிலும் பென்ஸிலும் கணக்குப் பார்த்தது. கேலனிலும் இரண்டு உண்டு. பிரித்தானியக் கேலன் சுமார் 4.55 லீற்றர், அமெரிக்கக் கேலன் சுமார் 3.79 லீற்றர்.

4. மீற்றரில் கம்பியோடு தொங்கும் சிறிய ஈய முத்திரை இருந்தால் அதை அறுக்காதீர்கள். அளவை சரி என்று அதிகாரி ஒருவர் சோதித்து இட்ட சாட்சி அது. பம்பில் அதைவிடப் பெறுமதியான பாகம் வேறு இல்லை.

5. பாதுகாப்பு. பழைய குழாய்க்குள் தேங்கிய பெற்றோல் ஆவி ஒரு தீப்பொறிக்குப் போதும். முழுதாக வடித்துக் காற்றாட விடாமல் வெல்டிங்கையோ கிரைண்டரையோ பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். நம் நாட்டில் 2002 வரை விற்றது ஈயம் கலந்த பெற்றோல். பழைய வர்ணத்திலும் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

6. ஒவ்வோர் ஆணியையும் கழற்றுமுன் படம் எடுங்கள். கழற்றியதை வேறு வேறு பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இறுகிய ஆணிக்கு எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுங்கள். மெல்லிய தகரக் கதவுகளுக்கு மணல் வீச்சு வேண்டாம், தகடு நெளிந்துவிடும்.

இனித்தான் கடினமான கேள்வி. எந்த நிறம் அடிப்பது?

சகோதரருடைய ஆசை மஞ்சளும் சிவப்பும், உச்சியில் சிப்பி வடிவ விளக்கும். பார்க்க அழகுதான். சேகரிப்பாளர்கள் மத்தியில் அதற்குத்தான் விலையும். ஆனால் கதவின் ஓரத்தில் மெதுவாகப் பார்த்தபோது வர்ணம் மூன்று படையாக இருந்தது. அடியில் ஒரு மஞ்சள், அதன் மேல் வேறு இரண்டு நிறங்கள்.

அந்தப் படைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் எரிபொருள் விற்பனை ஒரு காலத்தில் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டுக் கம்பனிகளின் கையில் இருந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. 1962இல் அக்கம்பனிகளின் சொத்துக்களில் ஒரு பகுதியைப் பொறுப்பேற்றது. நட்டஈடு பற்றிய பேச்சு இழுபட, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. தன் கம்பனிகளின் சொத்தை எடுத்து நட்டஈடு கொடுக்காத நாடுகளுக்கு உதவியை வெட்டும் ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலில் பாய்ந்தது நம் மீதுதான். 1964 தொடக்கத்தில் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1965இல் டட்லி சேனாநாயக்கவின் ஆட்சி வந்த பின் நட்டஈட்டுக்கு உடன்பாடு கண்டு உதவி மீண்டது.

அது சரியா பிழையா என்று இன்றும் விவாதிக்கலாம். எரிபொருள் விலைச் சூத்திரம் பற்றிப் பேசும் நாம் அதை விவாதிக்கத்தான் வேண்டும். ஆனால் பம்பை முழுதாகச் சுரண்டி ஷெல் நிறம் அடித்தால் 1962 என்ற ஆண்டே அதிலிருந்து போய்விடும். பார்க்கும் பிள்ளைக்கு, வெள்ளைக்காரன் காலம் எவ்வளவு பளபளப்பு என்பது மட்டுமே மிஞ்சும். பிந்தைய நிறத்தை மட்டும் அடித்தால், அதற்கு முன் யாருடைய கையில் இருந்தது என்பது மறைந்துவிடும்.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். துருவை நிறுத்துவது, உடைந்த கண்ணாடிக்குப் புதியது போட்டு அது புதியது என்று உள்ளே எழுதி வைப்பது, முன்கதவுக்கு அவர் விரும்பிய வர்ணம். பின்கதவில் கை வைப்பதில்லை. மூன்று படைகளும் தெரியும்படி ஒரு கை அகலத்துக்குப் படிப்படியாகத் திறந்து, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசுவது. விற்றால் விலை கொஞ்சம் குறையும் என்று சகோதரருக்குத் தெரியும். சம்மதித்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

உங்கள் ஊர்ச் சந்தியிலோ மூடிக் கிடக்கும் கராஜ் ஒன்றின் பின்னாலோ இப்படியொரு பம்ப் நிற்கலாம். இரும்புக்கு விற்கும் முன் தகட்டையும் முகப்பையும் ஈய முத்திரையையும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். அது எந்தச் செட்டில் நின்றது, யார் அடித்துக் கொடுத்தார்கள் என்று வீட்டில் உள்ள வாப்பாமார், அப்பாமாரிடம் கேட்டு, அதையும் இரண்டு வரி எழுதுங்கள்.