கட்டுக்குருந்தையும் கொக்கட்டிச்சோலையும்

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வாவியைக் கடந்து வரும் படுவான்கரை மக்களைச் சிறுவயது முதலே பார்த்து வந்தவன் நான். அவர்களுடைய துயரத்தை எழுத முற்படும்போதெல்லாம், இலங்கைத்தீவின் மறுகரையிலுள்ள ஓர் ஊரின் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது.

அது களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் இருந்த கரையோர ஊர். 1980களின் நடுப்பகுதியில், பொலிஸ் விசேட அதிரடிப்படையின் பயிற்சிக் களமாக அது மாறியது. அப்படையின் உருவாக்கத்தில் முன்னின்றவர், ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவின் மகன் ரவி ஜயவர்த்தன. 1984 முதல் அங்கு பயிற்சியளித்தவர்கள், பிரித்தானியச் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்களைக் கொண்ட கே.எம்.எஸ். என்ற தனியார் நிறுவனத்தினர். அதனைத் தனியார் வணிகம் என்று கூறி லண்டன் விலகி நின்றது.

பயிற்சி முடித்த படையினர் கிழக்கில் நிலைகொண்டனர். 1987 ஜனவரி இறுதியில், கொக்கட்டிச்சோலையை அண்டிய மகிழடித்தீவில் அவர்கள் நடத்திய சுற்றிவளைப்பின்போது, இறால் பண்ணைத் தொழிலாளர்கள் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர்.

கே.எம்.எஸ். மீதான போர்க்குற்றச்சாட்டுகள் குறித்து லண்டன் மாநகரப் பொலிஸார் விசாரணை தொடங்கியது 2020 இல். இடையில் கழிந்தவை 33 ஆண்டுகள்.

பயிற்சிக் களம் அமைந்த ஊரில் கேட்டது ஒத்திகை வெடிச்சத்தம் மட்டுமே. அதன் பொருளை அறிந்தவர்கள் படுவான்கரை மக்கள். ஓர் ஊரின் வரலாற்றை மற்றதை விலக்கி எழுதினால், அது பாதி வரலாறே.