அண்ணன்மார் சாமி கதை (உடுக்கைப் பாட்டு)

அண்ணன்மார் சாமி கதை என்பது தமிழ்நாட்டின் கொங்கு நாட்டுப் பகுதியில் உடுக்கை இசையுடன் பாடப்பட்டு வரும் நீண்ட கதைப்பாடல் ஆகும். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரின் வாழ்வையும், அவர்களுடைய முன்னோர் வரலாற்றையும் இது கூறுகிறது. இவர்களின் தங்கையான அருக்காணி இருவரையும் அண்ணன்மார் என அழைப்பதால் கதைக்கு இப்பெயர் அமைந்தது. பொன்னர் சங்கர் கதை, குன்னுடையான் கதை என்னும் பெயர்களும் வழக்கில் உள்ளன. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டு பெற்றுள்ள இடத்தைக் கொங்கு நாட்டில் உடுக்கைப் பாட்டு பெற்றுள்ளது எனலாம். இக்கதைப்பாடல் பற்றிய விரிவான ஆய்வுகளுள் ஒன்று காங்கேயம் வட்டாரத்தில் செய்யப்பட்ட ஒலிப்பதிவை அடிப்படையாகக் கொண்டது.

கதைச் சுருக்கம்

பொன்னிவள நாட்டில் உழவுத் தொழில் செய்து வாழ்ந்த குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைகளைக் கதை தொடர்ந்து செல்கிறது. இளமையில் பெற்றோரை இழந்த குன்னுடையான், பிறரிடம் வேலை செய்து வளர்ந்து, பின்னர் தாமரை என்பவளை மணந்து தன் நிலத்தை மீட்கிறான். நெடுங்காலம் பிள்ளைப்பேறு இன்றி வருந்திய தாமரை, சிவபெருமானை நோக்கித் தவம் இருந்து பொன்னர், சங்கர், அருக்காணி ஆகிய மூவரையும் பெறுகிறாள். ஆண்மக்கள் இருவருக்கும் பதினாறு வயதே ஆயுள் என்பது விதி.

பொன்னர் அமைதியானவர், சங்கர் சினமும் வீரமும் மிக்கவர். வேடர் தலைவனான தலையூர்க் காளியுடன் இவர்களுக்குப் பகை மூள்கிறது. கொம்பன் என்னும் காட்டுப் பன்றி வயல்களை அழிக்க, சங்கர் அதனைக் கொல்கிறார். இறுதியில் தமது காலம் முடிந்ததை உணர்ந்து சங்கரும், அவரைத் தொடர்ந்து பொன்னரும் வாளின் மீது வீழ்ந்து உயிர் துறக்கின்றனர். அருக்காணி காட்டில் அலைந்து அண்ணன்மாரின் உடல்களைக் கண்டு, பெரியகாண்டியம்மன் அருளால் அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பித்து, அவர்களுடன் பேசி விடைபெறுகிறாள். உழவருக்கும் வேடருக்கும் இடையே நிலம் குறித்து எழுந்த போட்டியின் நினைவு இக்கதையில் பதிந்துள்ளது என ஆய்வாளர் கருதுவர்.

பாடும் முறை

உடுக்கை என்பது இடை சுருங்கி, இருபுறமும் தோல் போர்த்தப்பட்ட சிறிய தாளக் கருவியாகும். இடையில் உள்ள கயிறுகளை ஒரு கையால் இறுக்கியும் தளர்த்தியும், மறு கை விரல்களால் தோலைத் தட்டியும் வாசிப்பர். கயிறு இறுகும்போது ஒலி உயரும், தளரும்போது தாழும். இதனால் ஓர் எளிய கருவியிலிருந்தே அழுகை, போர், விரைவு ஆகிய உணர்வுகளுக்கு ஏற்ற ஒலிகளைப் பெற முடிகிறது.

முதன்மைப் பாடகர் உடுக்கை அடித்துப் பாட, உடன் இருப்பவர் பின்பாட்டுப் பாடுவார். கதை முழுவதும் பாடலாக அமைவதில்லை. நிகழ்வுகளை விளக்கும் இடங்கள் வசனமாகவும், தெய்வ வணக்கம், பயணம், போர், ஒப்பாரி முதலிய இடங்கள் பாட்டாகவும் வரும். வசனத்தின்போது பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டும், கேள்வி கேட்டும் கதையை நகர்த்துவார். முழுக் கதையையும் பாடி முடிக்கப் பல இரவுகள் ஆகும்.

பாடகர் மனப்பாடமாக வைத்திருப்பது ஒரு நிலையான மூலத்தை அன்று. கதையின் போக்கு, மாந்தர் பெயர், அடைமொழிகள், திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் ஆகியவற்றைக் கொண்டு அவர் ஒவ்வொரு முறையும் பாடலைப் புதிதாகக் கட்டுகிறார். கேட்போர் விரும்பினால் ஒரு நிகழ்வு நீளும். இரவு முதிர்ந்தால் மற்றொன்று சுருங்கும்.

படுகளம்

இப்பாடல் வழிபாட்டுடன் இணைந்தது. உடன்பிறந்தோர் வீழ்ந்த இடமாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த வீரப்பூர்ப் பகுதி கருதப்படுகிறது. அங்கு மாசி மாதத்தில் விழா நடைபெறும். படுகளம் என்னும் சடங்கில், அருள் வந்த ஆடவர்கள் போரில் இறந்தவர் போலத் தரையில் வீழ்வர். பின்னர் தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புவர். கொங்கு நாட்டு ஊர்கள் சிலவற்றிலும் கதைப்பாடலின் முடிவில் படுகளச் சடங்கு இடம்பெறும். ஆகவே, இறப்புப் பகுதி பாடப்படும்போது கூடியிருப்போர் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. வீழ்ந்தோரை எழுப்பும் வரை நிகழ்வு நிறைவு பெறாது.

ஓலப்பாளையம் ஒலிப்பதிவு

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1960களின் நடுப்பகுதியில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிக் களஆய்வு செய்தார். 1965 இல் இராமசாமி என்னும் பாடகர் பல இரவுகள் பாடிய இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் கதையைச் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வடிவம் ஒன்றும் உருவானது. ஒருவரே வழங்கியபோதும் இவ்விரு வடிவங்களும் ஒன்றாக அமையவில்லை. கூட்டமும் உடுக்கையும் இல்லாத இடத்தில் கதை வேறு உருவம் கொள்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

1930களில் யூகோசுலாவியாவின் கதைப்பாடகர்களைப் பதிவு செய்த மில்மன் பாரியும், அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் இத்தகைய வேறுபாடுகளை முன்பே கவனித்திருந்தனர். எழுத்தறிவு இல்லாத பாடகரும் பல்லாயிரம் அடிகளைப் பாடும்போதே இயற்ற வல்லவர் என்பது அவர்களது முடிவு.

பெக்கின் ஆய்வு "மூன்று இரட்டையர்" என்னும் பொருள்படும் தலைப்பில் 1982 இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பாடலின் தமிழ் வடிவமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1992 இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன. பிற்காலத்தில் இக்கதையை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் அவர் உருவாக்கினார்.

அச்சும் திரையும்

ஓலைச்சுவடி மரபைச் சார்ந்த அண்ணன்மார் சுவாமி கதையைக் கவிஞர் சக்திக்கனல் 1971 இல் பதிப்பித்தார். மு. கருணாநிதி இக்கதையைப் பொன்னர்-சங்கர் என்னும் புதினமாக எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு தியாகராசன் இயக்கத்தில், பிரசாந்த் இரு வேடங்களில் நடித்த திரைப்படம் 2011 இல் வெளிவந்தது. இளையராஜா இசையமைத்தார்.

இவற்றின் மூலம் கதை கொங்கு நாட்டிற்கு வெளியிலும் அறிமுகமானது. எனினும் நூலும் படமும் ஒரே வடிவத்தை நிலைநிறுத்துகின்றன. பாடகருக்குப் பாடகர், ஊருக்கு ஊர் வேறுபடும் தன்மையே வாய்மொழிப் பாடலின் இயல்பு. பல இரவுகள் பாடவல்ல ஒருவர் மறையும்போது கதை அழிவதில்லை; ஆனால் அவருக்கே உரிய வடிவம் அவருடன் முடிந்துவிடுகிறது. 1965 ஆம் ஆண்டு ஒலிப்பதிவு, அவ்வாறு மறைந்து போகாமல் காக்கப்பட்ட வடிவங்களுள் ஒன்று என்ற வகையில் சிறப்பிடம் பெறுகிறது.